ஆடி மாதத்துத் தைராய்டு

17.7.2024, புதன்

ஆடி முதல் தேதி. வாசல் தெளித்து முடிப்பதற்குள் அண்ணன் மகள் திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். வேலைக்குப் போக வேண்டியவள். கையில் லேப் கவர்.

"அத்தை, எனக்குத் தைராய்டாம்."

டி.எஸ்.எச். 6.8. சீட்டில் போட்டிருக்கிற மேல் வரம்பு 4.5. டி3, டி4 இரண்டும் வரம்புக்குள்தான். அவள் நிற்கிற ஜவுளிக்கடைக்கே வந்து, தைராய்டு பேக்கேஜ் என்று சலுகை விலையில் ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தச் சீட்டைக் காட்டி ஒரு கிளினிக்கில் ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரையும் எழுதி வாங்கிவிட்டாள். "இது ஆயுசுக்கும் போடணும்மா" என்று மருந்துக்கடையில் யாரோ சொன்னதில் ராத்திரி முழுக்க அழுகை. வயது 34.

என்ன செய்கிறது என்று கேட்டேன். அசதி. சீப்பு வைத்தால் கொத்தாக முடி வருகிறது. மலச்சிக்கல். கடை ஏ.சி.யில் கை கால் ஜில்லிட்டுப் போகிறது. துணிக்கட்டு தூக்கி மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தூரம் ஏழெட்டு நாள் நிற்பதில்லை. எடையும் கூடிவிட்டது. மூச்சு வாங்குவதைத் தள்ளிவிட்டால் தைராய்டு நோட்டீஸில் இருக்கிற அதே வரிசை. ரத்தசோகை நோட்டீஸிலும் பாதிக்கு மேல் இதுதான் இருக்கும். வேலையில் இருந்த காலத்தில் இரண்டையும் ஒரே சுவரில் நானே ஒட்டியிருக்கிறேன்.

வாசல் வெளிச்சத்தில் நிறுத்திக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை.

"எச்.பி. எவ்ளோ?"

"அது பேக்கேஜ்ல இல்ல அத்தை."

மாத்திரையை நான் நிறுத்தச் சொல்லவில்லை, போடவும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தவர் டாக்டர், நான் ஓய்வுபெற்ற நர்ஸ். புதுச்சேரியில் இருக்கிற டாக்டரம்மாவுக்குச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருஷம் இருந்தவர். சாயங்காலம் போன் வந்தது. "சிஸ்டர், புள்ள பெத்துக்குற யோசனை இருக்கா? இல்லன்னா அவசரம் ஒண்ணும் இல்ல. முதல்ல எச்.பி. பாருங்க. டி.எஸ்.எச்.சை ரெண்டு மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துக்கலாம்."

19.7.2024, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலை நாலரைக்கே ஆரம்பித்தாயிற்று.

அண்ணன் மகளை உட்கார வைத்து, நேற்று காலையிலிருந்து இரவு வரை வாயில் போட்டதையெல்லாம் சொல்லச் சொன்னேன். ஆறு மணிக்கு டீ, இரண்டு பிஸ்கெட். பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றிக் கட்டிக் கொடுத்து விட்டு ஓட வேண்டும், அதனால் காலை டிபன் கிடையாது. பதினொரு மணிக்கு இன்னொரு டீ. இரண்டரைக்கு டப்பா: தயிர் சோறு, மாங்காய் ஊறுகாய். ஐந்து மணிக்கு டீயும் ஒரு போண்டாவும். இரவு பத்து மணிக்கு மூன்று தோசை, சட்னி. கீரை? "ஆய நேரம் ஏது அத்தை." முட்டை? "புள்ளைங்களுக்கு." ஞாயிற்றுக்கிழமைக் கோழி? குழம்பு மட்டும்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் போட்ட கணக்குப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். ஆணுக்கு 19 போதும். நம் வீடுகளில் இந்தக் கணக்குத் தலைகீழாகப் பரிமாறப்படுகிறது. தீட்டிய அரிசி நூறு கிராமில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அதையும் உடம்பு முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. சாப்பாட்டோடு டீ குடித்தால் அதிலிருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புரதம் 55 கிலோ உடம்புக்கு 46 கிராம். மேலே இருக்கிற பட்டியலில் தயிரைத் தவிர அதற்கு என்ன இருக்கிறது?

எடை எப்படி ஏறியது என்பது அவளுக்குப் பெரிய புதிர். புதிர் ஒன்றும் இல்லை. மாவும் எண்ணெயும் சர்க்கரையும் வயிற்றை நிரப்பி எடையைக் கூட்டும், ரத்தத்துக்கு வேண்டியதைக் கொடுக்காது. குண்டாக இருப்பவளுக்கு ரத்தசோகை வராது என்று இன்றும் நம்புகிறார்கள்.

ரேஷன் அரிசியைப் பற்றியும் கேட்டேன். இப்போது வருவது செறிவூட்டிய அரிசி, இரும்பு சேர்த்தது, கிலோவுக்கு 28 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்று விதி. அண்ணி அதைப் "பிளாஸ்டிக் அரிசி" என்று புடைத்துப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியைக் கோழிக்குப் போடுகிறார். வீட்டில் கடைப் பொன்னி. அண்ணன் வீட்டுக் கோழிகளுக்கு ரத்தசோகை இருக்காது.

22.7.2024, திங்கள்

அண்ணன் மகளுக்கு எச்.பி. 8.6. பன்னிரண்டுக்குக் குறைந்தாலே சோகை.

இப்போது விரலில் குத்தி ஒரு சொட்டைப் பட்டையில் வைத்தால் மெஷின் எண் காட்டிவிடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சாலி முறை. கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கீழ்க் கோடு வரை விட்டு, பிப்பெட்டை வாயில் வைத்து 20 மைக்ரோலிட்டர் ரத்தம் உறிஞ்சி அதில் ஊத வேண்டும். கொஞ்சம் வேகமாக உறிஞ்சினால் நாக்கில் உப்புக் கரிக்கும். பத்து நிமிஷத்தில் ரத்தம் காபித்தூள் நிறத்துக்கு வந்துவிடும். அப்புறம் காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, இரண்டு பக்கமும் இருக்கிற பழுப்புக் கண்ணாடியோடு நிறம் ஒத்துப்போகும் வரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். மழை நாளில் ஒரு எண் வரும், வெயில் நாளில் ஒரு எண் வரும். ஆனாலும் கர்ப்பிணிகளுக்கு அதை விடாமல் பார்த்தோம். கர்ப்பிணி இல்லாத பெண்களை யார் பார்த்தார்கள்? பிரசவம் முடிந்ததும் அவளுடைய ரத்தம் சர்க்காருக்கும் வேண்டாம், புருஷனுக்கும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தைராய்டுக்கு, சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,360 பேரைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில் சுரப்புக் குறைவு ஏறத்தாழ 11 விழுக்காடு. டி.எஸ்.எச். மட்டும் கொஞ்சம் ஏறி ஹார்மோன் சரியாக இருக்கிற ரகம் அது போகத் தனியாக 8 விழுக்காடு. ஒன்று நகரத்து ஆண் பெண் எல்லோரும், மற்றது பெண்கள் மட்டும்; நேராக ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் அசதியோடு ஒருத்தி வந்து நின்றால் எதை முதலில் தேட வேண்டும் என்று சொல்ல இந்த இரண்டு எண்கள் போதும். கடைக்கு வந்து ரத்தம் எடுப்பவர்கள் பதினொன்றைத் தேடுகிறார்கள், ஐம்பத்து மூன்றை விட்டுவிடுகிறார்கள்.

28.7.2024, ஞாயிறு

எதிர்வீட்டு மருமகள் நொய் புடைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவர்கள் வீட்டுக் கூழ். பேசிக்கொண்டே இருக்கையில் முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பிடி. மென்று விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. மாமியார் உள்ளேயிருந்து, "பாருங்க நர்சம்மா, தெனம் அரைப்படி அரிசி துன்றா. சொன்னா கேக்கமாட்றா" என்றார்.

"எப்போலேர்ந்து?"

"சின்னவன் பொறந்ததுலேர்ந்து."

பச்சரிசி, சாம்பல், விபூதி, சாக்பீஸ், ஐஸ்கட்டி. இவற்றின் மேல் ஆசை வந்தால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு யாரையும் அரிசி தின்ன வைப்பதாக நான் பார்த்ததில்லை. இந்தப் பெண்ணுக்குத் தெருவில் "தைராய்டு உடம்பு" என்றே பெயர். மந்தமாக நடக்கிறாள், முகம் உப்பியிருக்கிறது என்பதால். ரத்தம் மட்டும் யாரும் பார்க்கவில்லை. மணிலாக் கொல்லையில் செருப்பில்லாமல் களை எடுக்கிறவள், கொக்கிப்புழுவும் இருக்கலாம்.

நாளைக்கே கூட்டிப்போகச் சொன்னேன். கூழ் ஊற்றி முடித்துத்தான் போவாளாம்.

31.7.2024, புதன்

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு 7.2. மாத்திரையோடு விடாமல் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றப் போகிறார்கள். மாமியார் கூடவே போயிருக்கிறார், அது பெரிய விஷயம்.

2.8.2024, வெள்ளி

இன்று எல்லாவற்றுக்கும் எதிர்த் திசையில் ஒன்று.

கீழத்தெரு பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். குரல் கரகரத்து ஆண் குரல் ஆகிவிட்டது. கண்ணைச் சுற்றி வீக்கம். இந்த வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டிருக்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் வர அரை நிமிஷம் ஆகிறது. எட்டு வருஷமாகத் தைராய்டு மாத்திரை போட்டவர். பேரன் போனில் ஏதோ வீடியோ காட்டியிருக்கிறான்: கொத்தமல்லி விதையை ஊறவைத்துக் காய்ச்சிக் குடித்து, அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறினால் தைராய்டு வேரோடு போய்விடும் என்று. பொங்கலிலிருந்து மாத்திரை இல்லை. போன வாரம் பார்த்த டி.எஸ்.எச். 74.

ஜப்பானில் ஹகாரு ஹாஷிமோட்டோ என்கிற டாக்டர் 1912-இல் நான்கு பெண்களின் தைராய்டு சுரப்பியைப் பற்றி எழுதிய நோய் இது. நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே சுரப்பியை அரித்துவிடும். அரித்த சுரப்பிக்குக் கம்பும் தெரியாது, கொத்தமல்லியும் தெரியாது. சாப்பாடு சரியில்லாததால் தைராய்டு போன்ற தொல்லை வரும் என்பது உண்மை. அதைத் திருப்பிப் போட்டு, சாப்பாட்டைச் சரிசெய்தால் எல்லாத் தைராய்டும் போய்விடும் என்பது உயிருக்கு ஆபத்தான பொய்.

மாத்திரை போட்ட காலத்திலும் பெரியம்மா அதைக் காபியோடுதான் விழுங்கியிருக்கிறார், கூடவே சுண்ணாம்புச்சத்து மாத்திரை. டோஸை டாக்டர்கள் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி முக்கால் மணி கழித்துக் காபி; இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகள் நாலு மணி நேரம் தள்ளி. இதை எழுதி அடுப்பு மேடைக்கு மேலே ஒட்டிவிட்டு வந்தேன். நாளைக் காலை ஜிப்மருக்குக் கூட்டிப் போகிறார்கள்.

4.8.2024, ஞாயிறு

ஆடி அமாவாசை. கோயிலில் கூழ்.

நேற்றே கேவுரு மாவைக் கரைத்துப் புளிக்க விட்டு, நொய்யை வேகவைத்துக் கிண்டி, இன்று மோர், சின்ன வெங்காயம் போட்டு அண்டா அண்டாவாக ஊற்றினார்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக் கீரை, பல வீடுகளில் கருவாட்டுக் குழம்பு. ஒரு சொம்பு குடித்துவிட்டு, இதைவிட ஒழுங்கான சாப்பாடு இந்த ஊரில் வருஷம் முழுக்கக் கிடைப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். கேழ்வரகு நூறு கிராமில் இரும்பு நாலரை மில்லிகிராமுக்கு மேல், சுண்ணாம்பு முந்நூற்றைம்பதைத் தாண்டும். புளிக்க வைப்பதில் இரும்பைக் கட்டிவைக்கிற பைட்டேட் உடைந்து, உடம்பு எடுத்துக்கொள்வது கூடும். கீரையோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இன்னும் நல்லது. அம்மனுக்கு மட்டும் ஒரு மாதம் ஊற்றிவிட்டு மீதிப் பதினோரு மாதம் போண்டா தின்பானேன்?

அண்ணன் மகள் குடிக்கவில்லை. "கம்பு, கேவுரெல்லாம் தைராய்டுக்கு ஆகாதாம் அத்தை, குரூப்ல போட்ருந்தாங்க." கம்புக்கு அப்படி ஒரு பெயர் வந்தது சூடானின் டார்ஃபர் பகுதியை வைத்து. அங்கே அயோடின் பற்றாக்குறையும் இருந்தது, மூன்று வேளையும் கம்பே சாப்பாடாகவும் இருந்தது. முன்கழுத்துக் கழலை பரவியது. நம் ஊரில் கம்பைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். முட்டைகோஸும் அப்படித்தான். வேகவைத்து வாரம் இரண்டு முறை தின்கிற பொரியல் யாருடைய சுரப்பியையும் கெடுக்காது. சொம்பைக் கையில் திணித்தேன், குடித்தாள்.

9.8.2024, வெள்ளி

ஒரு சாவுக்கு மரக்காணம் போய் வந்தேன். வழியெல்லாம் உப்பளம், குவியல் குவியலாகத் தென்னங்கீற்று மூடி வைத்திருக்கிறார்கள். பாத்தியில் கால் வைத்து வாருகிற பெண்களின் பாதங்களைப் பார்க்க முடியவில்லை.

அந்தக் கல்லுப்புதான் வண்டியில் எங்கள் பெருமுக்கல் வரை வருகிறது. என் வீதியில் முக்கால்வாசி வீட்டில் அதுதான். "கடல் உப்புல இல்லாத அயோடினா?" என்று கேட்பார்கள். உண்மையில் கடல் தண்ணீர் உப்பாகும்போது அயோடின் மிக மிகக் கொஞ்சம்தான் மிஞ்சும். தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. ஒரு சொட்டு மருந்து விட்டால் அயோடின் உப்பு நீலமாகும். வேலையில் இருந்தபோது அந்தக் குப்பியோடு வீடு வீடாகப் போவேன். கல்லுப்பு வெள்ளையாகவே நிற்கும்.

காங்கரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி 1956-இல் தொடங்கிய ஆய்வுதான், உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று இந்த நாட்டுக்குக் காட்டியது. 1962-இல் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. 2018-19 அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பு நாட்டில் 76.3 விழுக்காடு வீடுகளில், தமிழ்நாட்டில் 61.9, எல்லா மாநிலங்களுக்கும் கடைசி. உப்பு விளைவிக்கிற மாநிலம் நாம்.

சாப்பாட்டுக்கும் தைராய்டுக்கும் நேரடி உறவு என்றால் அது இங்கேதான். அயோடின் இல்லாமல் அந்த ஹார்மோனே கிடையாது. ஹார்மோனைச் செய்கிற நொதிக்கு இரும்பும் வேண்டும். ஆகவே எச்.பி. 8.6 இருக்கிற பெண்ணின் டி.எஸ்.எச். சற்று ஏறியிருப்பதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. எதிர்ப் பக்கமாகவும் நடக்கும்: தைராய்டு குறைந்தால் தூரம் அதிகமாகி ரத்தம் போகும்.

14.8.2024, புதன்

டாக்டரம்மாவோடு அரை மணி நேரம் போன். அவர் சொன்னதில் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம், 1944-45-இல், அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை ஆறு மாதம் பாதி வயிற்றில் வைத்தாராம். எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தோடு, தாங்களாக முன்வந்தவர்கள். சில மாதங்களில், ஜூலை வெயிலில் போர்வை கேட்டார்கள். முடி கொட்டியது, நாடி குறைந்தது, கால் வீங்கியது, படி ஏற முடியவில்லை, சிரிப்பு நின்றுபோனது. ஒருவருக்கும் தைராய்டு நோய் இல்லை. சாப்பாடு குறைந்தால் உடம்பே செலவைக் குறைத்துக்கொள்கிறது. கல்யாணத்துக்கு முன் இளைக்க வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துகிற பெண்கள் நினைவுக்கு வந்தார்கள்.

டி.எஸ்.எச். லேசாக ஏறியதற்கு மாத்திரை கொடுத்தால் அசதி போகுமா என்றும் கேட்டேன். 65 வயது தாண்டிய 737 பேரை வைத்து ஐரோப்பாவில் செய்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், மாத்திரை போட்டவர்களுக்கு டி.எஸ்.எச். இறங்கியது, ஆனால் அசதியில் வெறும் மாத்திரை போட்டவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லையாம். "அது வயசானவங்களுக்கு. சின்ன வயசுப் பொண்ணு, கர்ப்பம், டி.எஸ்.எச். பத்துக்கு மேல, இதெல்லாம் வேற கணக்கு சிஸ்டர்" என்றும் சொன்னார்.

இன்னொன்று: முடி கொட்டுகிறது என்று பெண்கள் வாங்கித் தின்கிற பயோட்டின் மாத்திரை சில தைராய்டு சோதனைகளின் எண்ணையே மாற்றிக் காட்டும். ரத்தம் கொடுக்கப் போகுமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் மகளைக் கேட்டேன். பிரிக்காத டப்பா ஒன்று வைத்திருக்கிறாள்.

21.10.2024, திங்கள்

மூன்று சீட்டும் வந்துவிட்டன.

அண்ணன் மகள்: எச்.பி. 11.3, டி.எஸ்.எச். 4.1. எதிர்ப்பு அணுச் சோதனையில் ஒன்றும் இல்லை. தைராய்டு மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். சிவப்பு இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் டீ இல்லாமல் போட்டாள், டப்பாவில் முட்டையோ சுண்டலோ போகிறது, காலையில் இட்லி தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. முடி இன்னும் கொட்டுகிறது, எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. அதில் என் மேல் கோபம்.

கீழத்தெரு பெரியம்மா: 74-லிருந்து 9-க்கு வந்திருக்கிறது. குரல் தெளிந்துவிட்டது. பேரனைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பு.

எதிர்வீட்டு மருமகள்தான் என்னை யோசிக்க வைக்கிறாள். அரிசி தின்பது ஊசி போட்ட இரண்டாவது வாரமே நின்றது. எச்.பி. 11-க்கு வந்தும் முக வீக்கமும் அசதியும் போகவில்லை. டி.எஸ்.எச். 18.4, எதிர்ப்பு அணுக்கள் நிறைய. தெரு வைத்த பெயர் பாதி சரி. அவளுக்கு இரண்டும் இருந்தது. விடியற்காலை தைராய்டு மாத்திரை, மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் இரும்பு மாத்திரை. அடுத்த ரத்தம் டிசம்பரில்.

அண்ணன் மகள் கடையிலிருந்து நாலு பெண்கள் வருகிற வாரம் என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், லேப் சீட்டோடு. என்னிடம் வர வேண்டாம், நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லிவிட்டேன். அங்கே எச்.பி. பார்க்கக் காசு கிடையாது.